ஹார்ட்–டுவோர்கின் கேள்விக்கு சேலத்து வழக்கு ஒன்று போதும்

ஜூரிஸ்புரூடன்ஸ் (சட்டத் தத்துவம்) தாளில் சட்டத்துக்கும் அறத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் நாலு பக்கம் எழுதிவிடலாம். ஆஸ்டின், இறையாண்மை, கட்டளை, அப்புறம் ஹார்ட் என்று கை தானாக ஓடும். ஆனால் 'சட்டம் எது என்பதிலேயே வழக்கறிஞர்கள் மோதிக்கொள்கிறார்களே, பாசிட்டிவிசம் அதை எப்படி விளக்கும்?' என்று கேட்டால் பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. சட்டம் எது என்பதை அறம் அல்ல, சமூக நடைமுறைதான் தீர்மானிக்கிறது என்ற கோட்பாடுதான் பாசிட்டிவிசம். சேலத்தில் சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று, இதை நான் படித்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில் கேள்வி எங்கே குத்துகிறது என்று பாருங்கள். எது சட்டம், எது சட்டமில்லை என்று காட்டும் அங்கீகார விதி ஒவ்வொரு சட்ட அமைப்பிலும் உண்டு என்றார் பாசிட்டிவிச அறிஞர் ஹார்ட், 1961-இல். நீதிபதிகளும் அதிகாரிகளும் அதை ஏற்று ஒரே மாதிரி நடப்பதில்தான் அந்த விதி நிற்கிறது. 1986-இல் அவரை மறுத்த டுவோர்கின் கேட்டார்: ஒத்துப்போவதுதான் அடித்தளம் என்றால், அந்த அடித்தளத்திலேயே நீதிபதிகள் முரண்படுவது எப்படி? அப்படி ஒரு பிரிவு புத்தகத்தில் இருக்கிறதா, சம்பவம் நடந்ததா என்ற சண்டை ஒரு வகை. பார்த்தால் தெரிந்துவிடும். பிரிவும் தெரியும், சம்பவமும் தெரியும், ஆனாலும் சட்டம் என்ன என்பதில் இருவர் முரண்பட்டால் அது வேறு வகை. அதற்குக் கோட்பாட்டு முரண்பாடு என்று பெயர். இந்த வித்தியாசத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். இது இல்லாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சுற்றி வளைத்த மாதிரிதான் இருக்கும்.

எல்லோரும் எழுதும் உதாரணம் 1889-இல் நியூயார்க்கில் தீர்ப்பான ரிக்ஸ் எதிர் பால்மர். உயிலில் தனக்குச் சொத்து எழுதிவைத்த தாத்தாவைப் பேரன் விஷம் வைத்துக் கொன்றான். உயில் செல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொலைகாரனுக்குச் சொத்து போகுமா என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்தார்கள். பெரும்பான்மை, போகாது என்றது. இதை எழுதினால் நம் ஊர்ச் சட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். 1924-இல் கெஞ்சாவா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், நீதி, நியாயம், நல்மனசாட்சி என்ற அடிப்படையில் கொலைகாரருக்கு வாரிசுரிமை இல்லை என்றது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதையே 25-ஆம் பிரிவாக்கியது. ஆனால் அந்தப் பிரிவு இருப்பது உயில் இல்லாத வாரிசுரிமை பற்றிய அத்தியாயத்தில். அந்தப் பேரன் உயிலோடு இங்கே வந்தால் என்ன ஆகும் என்று நண்பர்களோடு ஒரு மாலை வாதாடிப் பாருங்கள். டுவோர்கின் சொன்னது அப்போது தானாகப் புரியும்.

எனக்கு இந்த விஷயம் உண்மையில் பிடிபட்டது சேலம் அட்வகேட் பார் அசோசியேஷன் வழக்கில்தான். சி.பி.சி.க்கு (சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு) 1999-லும் 2002-லும் வந்த திருத்தங்களை எதிர்த்து நம் ஊர் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. ஆர்டர் 8 ரூல் 1 அப்போது முக்கியமான விவாதம். பிரதிவாதி 30 நாளில் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அவகாசம் கொடுத்தாலும் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. வாசகத்தில் குழப்பமே இல்லை. 91-ஆம் நாள் வந்தால் கதவு மூடியதா என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு, எழுதியதுதான் சட்டம் என்றது. மறு தரப்பு, நடைமுறை விதி நீதிக்குத் துணை நிற்க வேண்டுமே தவிர கழுத்தை நெரிக்கக் கூடாது என்றது. 2005-இல் உச்ச நீதிமன்றம், இது கட்டாய விதி இல்லை, வழிகாட்டும் விதிதான் என்றது. அதற்காக 90 நாளைத் தாண்டுவது வாடிக்கையாகிவிடக் கூடாது, மிகக் கடினமான சூழலில் மட்டும்தான் என்றும் சொன்னது.

ஹார்ட் பக்கம் நின்று முதலில் சொல்லக்கூடியது, விதி தெளிவில்லாத ஓரத்தில் நீதிபதி தன் விருப்புரிமையில் புதுச் சட்டம் செய்கிறார் என்பது. அது இங்கே அவ்வளவு பொருந்தாது. 90 என்பது தெளிவான எண். தவிர, வாதாடியவர்கள் யாரும் 'இங்கே சட்டம் இல்லை, நீங்களே செய்யுங்கள்' என்று கேட்கவில்லை. இரு தரப்பும் சட்டம் ஏற்கெனவே தன் பக்கம் இருப்பதாகத்தான் சொன்னது. டுவோர்கினுக்கு இதில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் அங்கேயே விடையை முடித்துவிடாதீர்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒருமுறை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். 90 நாள் முடிந்துவிட்டது என்று வாதியின் வழக்கறிஞர் பேர் ஆக்ட்டை (சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை) விரித்தார். எதிர்த்தரப்பு 2005 தீர்ப்பைச் சொன்னது. நீதிபதி உடனே, "சரி, ஏன் தாமதம்? காரணத்தைச் சொல்லுங்க" என்றார். கட்டாயமா வழிகாட்டலா என்ற பேச்சே அங்கே எழவில்லை. அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் எல்லா நீதிமன்றத்தையும் கட்டும் என்பதில் அந்த அறையில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. அந்த ஒத்த பழக்கம்தான் ஹார்ட் சொன்ன அங்கீகார விதி. வணிக வழக்குகளையும் இதோடு சேர்க்கலாம். அங்கே 120 நாள் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று வாசகமே சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது.

பாசிட்டிவிசத்தின் பக்கம் நிற்கும் அறிஞர் பிரையன் லைட்டர் கொடுக்கும் பதிலும் இந்த வழியில்தான் போகிறது. மேல்முறையீடு வரை வரும் சண்டைகள் கொஞ்சம். சட்டம் சத்தமில்லாமல் ஒத்துக்கொள்ளப்படும் இடங்கள் ஏராளம். அந்தப் பெரும் ஒற்றுமையை விளக்குவதில் பாசிட்டிவிசம்தான் முந்துகிறது என்பது அவர் வாதம். மிச்சமுள்ள முரண்பாட்டில், வாதாடுபவர்கள் தவறாக நினைக்கிறார்கள் அல்லது உள்ளே வேறு நினைத்து வெளியே சட்டம் பேசுகிறார்கள் என்கிறார். முதல் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டாம் பாதி எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவு வழக்கறிஞர்களும் தங்கள் தொழிலையே புரிந்துகொள்ளவில்லை என்று சொல்வது பெரிய விலை. உங்கள் கருத்தும் விடையில் வரட்டும், காரணத்தோடு.

வீடு ஏற்காடு என்பதால் எனக்குத் தினமும் பஸ் பயணம். 20 கொண்டை ஊசி வளைவில் புத்தகம் திறந்தால் தலை சுற்றும். அதனால் இறங்கும்போது ஒரு பக்கத்துக்கும் ஏறும்போது மறுபக்கத்துக்கும் மனசுக்குள் வாதாடுவேன். குறிப்பு எழுதிப் படித்ததைவிட அது நன்றாக நின்றது.

நேரம் மிஞ்சினால் 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கை எழுதுங்கள். 13 நீதிபதிகள், 7-க்கு 6. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதில், அதாவது அங்கீகார விதியின் உச்சியிலேயே, பிளவு. 141-ஐக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. தீர்ப்புக்குப் பிறகு வந்த ஒற்றுமையை அது விளக்கும், தீர்ப்புக்கு முன்பிருந்த சட்டம் என்ன என்பதை விளக்காது.