நாணயமே தன் எடையைச் சொல்லியிருந்தது

அமெரிக்க டிரேடு டாலர் ஒன்றாவது என் சேகரிப்பில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சீனாவோடும் சுற்றியுள்ள நாடுகளோடும் வணிகம் செய்வதற்கென்றே 1873-இல் அச்சிடத் தொடங்கிய வெள்ளி நாணயம் அது. வெள்ளி நல்லதுதானா என்று பார்த்துவிட்டுச் சீன வணிகர்கள் குத்திய சின்ன முத்திரைகள் சில நாணயங்களில் இன்றும் இருக்கும். எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று நினைக்க வைக்கும் அந்த முத்திரைகளுக்காகவே அதன் மேல் அவ்வளவு பிரியம்.

இணைய ஏலத்தில் ஒன்று வந்தது. 1881 என்ற ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்து, நன்றாகத் தேய்ந்த முகம். “தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது” என்று விற்பவர் எழுதியிருந்தார். கடைசி நிமிடங்களில் வேறு யாரோ தொகையை ஏற்றிக்கொண்டே போக, நானும் விடாமல் ஏற்றினேன். மனதில் வைத்திருந்த தொகையைத் தாண்டித்தான் கிடைத்தது.

பார்சலைப் பிரித்ததும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெள்ளிதான் என்று நிம்மதியாகிவிட்டேன். ஆனால் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் போலி என்று சொல்லிவிடலாம். ஒட்டவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது.

இரண்டு நாள் கழித்துத்தான் பின்பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். கழுகுக்குக் கீழே 420 கிரெயின் என்று எடையும், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும் 900 என்ற எண்ணும் பொறித்திருந்தன. 420 கிரெயின் என்றால் 27.22 கிராம். என் தராசு 23.8 என்றது. மூன்று கிராமுக்கு மேல் தேய்ந்திருந்தால் எழுத்துகளே மிஞ்சியிருக்காது.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ படாமல் முழுதாக மூழ்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் 90 சதவீத வெள்ளிக்குச் சுமார் 10.3 வர வேண்டும். எனக்கு 2.8 கிராம் காட்டியது, வகுத்தால் 8.5. பித்தளைக்கு வரும் கணக்கு. விளிம்பைச் சுற்றிலும் வார்ப்பில் விழுந்த மெல்லிய கோடு ஒன்றும் இருந்தது.

ஆண்டைப் பற்றிப் படித்தபோதுதான் மிகவும் வலித்தது. புழக்கத்துக்கான டிரேடு டாலர் 1878-ஓடு முடிந்துவிட்டது. அதன்பிறகு ஃபிலடெல்ஃபியாவில் சேகரிப்பாளர்களுக்காக மட்டும்தான் அச்சிட்டார்கள். ஆக, 1881 ‘எஸ்’ என்று ஒரு நாணயமே கிடையாது. ஏலத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கார்டில், தளத்துக்குள்ளேயே பணம் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. தராசு, கோப்பை, விளிம்பு எல்லாவற்றையும் படமெடுத்து, விளக்கத்துக்கு மாறான பொருள் என்று புகார் பதிந்தேன். புகாரை மூடினால் பாதிப் பணத்தைத் தனியாக அனுப்புகிறேன் என்றார் விற்பவர். மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது என்பது அந்தத் தளத்தின் விதி. மறுத்துவிட்டேன். கண்காணிப்பு எண்ணோடு திருப்பி அனுப்பினேன், முழுப் பணமும் வந்தது.

அப்புறம் இரண்டாவது முயற்சி. இந்த முறை ஏலம் கேட்பதற்கு முன்பே மூன்று விற்பனையாளர்களிடம் ஒரே வேண்டுகோளை வைத்தேன்: அன்றைய தேதி எழுதிய சீட்டோடு, தராசின் மேல் ஒரு படம், விளிம்பு தெரியும்படி ஒரு படம். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், தளத்துக்கு வெளியே பேசினால் குறைத்துத் தருகிறேன் என்றார். மூன்றாமவர் மறுநாளே நான்கு படங்கள் அனுப்பினார், முகத்தில் இருந்த ஒரு கீறலையும் தானே காட்டினார். அந்தக் கீறலைப் பார்த்ததும்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

இடையில், நாணயங்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு நாணயமும் கண்ணில் பட்டது. சான்று எண்ணை அவர்கள் தளத்தில் தேடினால் எண் சரி, ஆண்டும் சரி. ஆனால் அங்கே இருந்த படத்தில் கழுகின் இறக்கை மேல் கறை இருந்தது, விற்பனைப் படத்தில் இல்லை. வேறொரு நாணயத்தின் எண்ணைப் போலிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு விலகிவிட்டேன். எண்ணோடு படத்தையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மூன்றாமவரின் ஏலத்தில் என் உச்சத் தொகையை ஒரே தடவையில் போட்டுவிட்டுத் திரையை மூடினேன். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தேன். 1877, ‘எஸ்’, 27.1 கிராம், தண்ணீரில் 2.6. முத்திரையைப் போலி நாணயத்திலும் குத்துவார்கள் என்பதால் அதைக் கடைசியாகத்தான் பார்த்தேன். கழுகின் இடது இறக்கைக்குப் பக்கத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒன்று இருக்கிறது.