எட்டு டீம் போதும்

"அண்ணே, எட்டே எட்டு டீம்தான். இதுக்குப் பேர் டோர்னமெண்டா?"

பொங்கல் பாஸ்கெட்பால் ஆட்டம் முடிந்த சாயங்காலம், காளியம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் எங்கள் பையன் ஒருவன் கேட்டான். குரலில் அத்தனை வருத்தம். ரங்கூனில் பிள்ளைகள் எல்லாம் ஃபுட்பால் பின்னால் போகிறார்கள். நாங்கள் வாடகைக்குப் பிடித்த மைதானத்தில் ஒரு வளையத்துக்கு வலையே இல்லை. அவன் கேட்டதில் தப்பே இல்லை. அன்றைக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன்.

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவே உட்கார்ந்து பார்க்கும் கல்லூரி பாஸ்கெட்பால் போட்டி இருக்கிறதே, 1939-இல் அது முதன்முதலாக நடந்தபோது அதிலும் எட்டு டீம்தான். கிழக்கே நாலு, மேற்கே நாலு. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் ஹரால்ட் ஓல்சன் முன்னின்று கிளப்பிய யோசனை, கல்லூரிக் கோச்சுகளின் சங்கமே எடுத்து நடத்தியது. சங்கம் கடைசியில் கணக்குப் பார்த்தபோது 2,531 டாலர் நஷ்டம். மார்ச் 27 அன்று சிகாகோ பக்கத்து இவான்ஸ்டனில் நடந்த ஃபைனலுக்கு வந்தவர்கள் சுமார் 5,500 பேர். ஓரிகன் பல்கலைக்கழக டீம் 46-33 என்று ஜெயித்தது. தோற்றது ஓல்சனின் டீமேதான்!

அந்த ஓரிகன் டீமை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். முதல் ஐந்து பேரில் இரண்டு பேர், கேப்டன் பாபி ஆனெட்டும் வாலி யோஹான்சனும், அஸ்டோரியா என்ற ஒரே ஊர். கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற மீன்பிடி ஊர் அது. சென்டர் ஸ்லிம் வின்டர்மியூட் 6 அடி 8 அங்குலம். ஆனெட் அவரைவிட ஏறக்குறைய ஒரு அடி குறைவு. முன்பெல்லாம் ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை நடுவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப்போட வேண்டும். 1937-38 சீசனில் அந்த விதி போனது. அப்புறம் பந்து கைக்கு வந்ததும் ஓடலாம். கோச் ஹாவர்ட் ஹாப்சன் தன் டீமை ஓடத்தான் பழக்கினார். உயரமானவர்கள் வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை எடுக்க, சின்னவர்கள் அதற்குள் முன்னால் பாய்ந்திருப்பார்கள்.

சின்னதிலிருந்து சேர்ந்து ஆடியவர்களுக்குத்தான் அது கைவரும். இங்கே சின்லோன் ஆடுகிறவர்களைப் பாருங்கள். பிரம்புப் பந்து அடுத்து யார் காலுக்குப் போகும் என்று வட்டத்தில் நிற்கிற ஆறு பேருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவிலும் அப்படி நாலு பேர் இருந்தோம். நான் திரும்பிப் பார்க்காமலே பந்தை விடுவேன், அங்கே ஒரு கை இருக்கும். இன்றைக்கு ஒருவன் பினாங்கில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் மோல்மேனில். மைதானத்தில் நான் மட்டும் பையன்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, டீக்கடையில் சொன்னதற்கு வருகிறேன். அந்த ஃபைனலில் ஆனெட் வெளியே போகிற பந்தை விடாமல் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் மேஜையில் வைத்திருந்த கப்பில் போய் மோத, உச்சியில் நின்ற பொம்மை முறிந்துவிட்டது. ஆட்டம் முடிந்து கேப்டனாகப் போய் அந்தக் கப்பை வாங்கியவரும் அவரே, இரண்டு துண்டாக.

பையன் சிரிக்கவில்லை. குனிந்து தன் முட்டியைப் பார்த்தான். செமி ஃபைனலில் அவனும் அப்படி ஒரு பந்துக்குச் சிமெண்ட் தரையில் விழுந்திருந்தான். தோல் உரிந்த இடத்தில் அவன் அம்மா அப்பிவிட்ட மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

"பந்தைப் பிடிச்சாராண்ணே?" என்றான்.

அடுத்த பொங்கலுக்கும் எட்டு டீம்தான். அதற்கு முன்னால் அந்த வளையத்துக்கு ஒரு வலை வாங்க வேண்டும். இந்த மாதச் சம்பளத்தில் அதற்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.