சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும்: ஒரு பங்குத்தந்தையின் நாட்குறிப்பு

31 மார்ச் 2025, திங்கள்

காலைச் செபம் முடிந்த கையோடு அடுத்த ஞாயிறுக்கான நற்செய்தியைத் திறந்தேன். யோவான் 8, விபசாரத்தில் பிடிபட்ட பெண். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், இனி இந்த இடத்தில் இந்தப் பகுதி 2028-இல்தான் வரும். முன்வரிசைப் பெரியவர்களில் சிலர் அப்போது இருக்கமாட்டார்கள். அதை நினைத்தால் ஒரு வார்த்தையைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

ஞாயிறு திருப்பலியில் மறையுரையை, அதாவது பிரசங்கத்தை, கனமான காரணம் இல்லாமல் விடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். குருவின் மனநிலையை அது கேட்பதில்லை. மனம் வறண்டு கிடக்கும் வாரத்திலும் எழுந்து நின்று பேச வேண்டும். கி.பி. 400 வாக்கில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராசியாஸ், தன் போதனை தனக்கே சலிப்பூட்டுகிறது என்று புனித அகுஸ்தினாரிடம் முறையிட்டார். என் பேச்சும் எனக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்றுதான் அவரும் பதில் எழுதினார். அத்தனை பெரிய போதகர் சொன்னது! வறண்ட வாரங்களில் அந்தப் பதிலைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல், புதன்

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோன நாள். படுக்கையில் இருக்கும் ஒரு அம்மா எப்போதும் கேட்பார்: "சாமி, ஞாயித்துக்கிழமை என்ன பிரசங்கம் வச்சீங்க?" அவரால் அதிக நேரம் கேட்க முடியாது, மூச்சு வாங்கும். அதனால் மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே, போதும் சாமி" என்றார்.

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்களின் கவனம் போய்விடும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் ஒரு மறைக்கல்வி உரையில் சொன்னார். அந்த அளவை இந்தப் படுக்கையருகில்தான் நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். அங்கே தேவைப்படாத வாக்கியம் பீடத்திலும் தேவையில்லை.

3 ஏப்ரல், வியாழன்

மறையுரையை எழுதி முடித்தாயிற்று. தவக்காலத்தில் வியாழனுக்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. காரணம் நேர மேலாண்மை இல்லை. வெள்ளியும் சனியும், மக்கள் தங்கள் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார வேண்டும்.

அங்கே கேட்பதை எந்தக் காரணத்துக்காகவும் எந்த வழியிலும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் எண். நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்கே உரியது. இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த எண்ணை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வெளிப்பட்டுவிடும் ஆபத்து துளியும் இல்லாவிட்டாலும், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததைப் பாவத்தை அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 984.

போதகனை நேராகத் தொடும் சட்டம் இது. பங்கு மக்களின் உள்காயங்களை என்னைவிட நெருக்கமாக அறிந்தவர் ஊரில் இல்லை. ஆனால் ஞாயிறன்று அவர்கள் முன்னால் ஒன்றுமே அறியாதவனாக நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அழுதுவிட்டுப் போன ஒருவர் ஞாயிறு மறையுரையில் ஒரு எடுத்துக்காட்டைக் கேட்டு, "சாமி நம்மளத்தான் சொல்றாரோ" என்று ஒரு நொடி தலைகுனிந்தால் போதும், அவர் மறுபடி அந்தத் தொட்டிக்கு வரமாட்டார். பெயர் சொல்லாவிட்டாலும், எடுத்துக்காட்டைப் புத்தகத்திலிருந்தே எடுத்திருந்தாலும் அந்த நொடி வரலாம். அதனால்தான் முன்பே எழுதிவிடுகிறேன். எழுதியதை அப்புறம் திருத்துவதில்லை. ஒரு வரி இன்னும் கூர்மையாக இருக்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும்.

5 ஏப்ரல், சனி

வரிசை நீளமாக இருந்தது. இரவு ஆகிவிட்டது. மற்றபடி இன்றைய நாளைப் பற்றி எழுதக் கூடியது எதுவும் இல்லை.

படுக்கும் முன் புனித ஜான் மரிய வியான்னியை நினைத்துக்கொண்டேன். இலத்தீன் தலையில் ஏறாமல் குருமடத்தில் தவித்தவர், 1815-இல் குருவானார். 1818-இல் பிரான்சில் சுமார் 230 பேர் வாழ்ந்த ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். தொடக்கத்தில் மறையுரையை மணிக்கணக்கில் எழுதி, பாடுபட்டு மனப்பாடம் செய்வாராம். பிந்தைய ஆண்டுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்பதிலேயே ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கழிந்திருக்கிறது. 1859-இல் இறக்கும்வரை ஆர்ஸ்தான் அவர் பங்கு. ஆரம்பகால மறையுரைகளில் இருந்த கடுமை பின்னாளில் தணிந்ததற்கு அந்தத் தொட்டியே காரணம் என்று நான் நம்புகிறேன். கேட்டதை அவர் சொல்லவில்லை, ஆனால் கேட்டவரின் குரல் மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

நான் சொன்னது இவ்வளவுதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை எறியக் கல்லோடு நிற்பவர்களின் பாவம் இயேசுவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் தெரியும். ஆனாலும் யாருடைய பாவத்தையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. குனிந்து தரையில் எழுதினார். முதியோர் தொடங்கி ஒவ்வொருவராகப் போகும்வரை காத்திருந்தார். கடைசியில் இருவர்தான் எஞ்சினார்கள், அவலமும் இரக்கமும் என்று இந்த இடத்தைப் பற்றி அகுஸ்தினார் சொல்கிறார். அப்போதும் அந்தப் பெண்ணிடம் விவரம் எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பளிக்க மறுத்து, இனிப் பாவம் வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

எல்லாம் தெரிந்தவர் இப்படிப் பேசியிருக்கிறார். பீடத்தில் நிற்கும் எவரும் வேறு விதமாகப் பேச முடியாது.

மாலையில் செய்தி பார்த்தேன். திருச்சபையின் இந்த யூபிலி ஆண்டில் நோயாளர்களுக்காக நடந்த திருப்பலியின் முடிவில் திருத்தந்தை யாரும் எதிர்பாராமல் சக்கர நாற்காலியில் வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்துக்கு வந்திருக்கிறார். அவருடைய மறையுரையைப் பேராயர் பிசிகெல்லா வாசித்தாராம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவர் வந்து அமர்ந்ததே எனக்கு மறையுரையாகப் பட்டது.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

ஆயர் திருத்தைலங்களை அர்ச்சிக்கும் கிறிஸ்மா திருப்பலியில், அவர் முன் எங்கள் குருத்துவ வாக்குறுதிகளைப் புதுப்பித்தோம். நான் குருவான அருள்பொழிவுச் சடங்கில் முகங்குப்புறக் கிடந்ததும், புனிதர் மன்றாட்டு மாலை தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்ததும், உள்ளங்கையில் தைலத்தின் ஈரமும் ஒவ்வொரு ஆண்டும் அப்படியே திரும்பி வருகின்றன. வாக்குறுதி முடிந்ததும் ஆயர் மக்களிடம் திரும்பி, உங்கள் குருக்களுக்காக மன்றாடுங்கள் என்பார். எனக்காகவும் மன்றாடுங்கள் என்று அடுத்துச் சொல்வார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

திருத்தந்தை இன்று உரோமையின் ரெஜினா சேலி சிறைக்குப் போயிருக்கிறார். பெரிய வியாழனில் வழக்கமாகச் செய்வதுபோல் இந்த ஆண்டு பாதம் கழுவ முடியவில்லை, ஆனாலும் உங்கள் அருகில் இருக்க விரும்பினேன் என்று கைதிகளிடம் சொன்னாராம்.

21 ஏப்ரல், திங்கள்

திருத்தந்தை பிரான்சிஸ் இன்று காலை 7.35-க்கு இறைவனடி சேர்ந்தார். வயது 88. நேற்றுதான் பாஸ்கா ஆசீர் கொடுத்தார். கோவில் மணியை அடிக்கச் சொன்னேன். மக்கள் ஒவ்வொருவராக வந்து முழந்தாளிட்டார்கள்.

அவருடைய அழைத்தல் எங்கே தொடங்கியது என்று மாலைத் திருப்பலியில் சொன்னேன். 1953 செப்டம்பர் 21, புனித மத்தேயு திருநாள். 16 வயதுப் பையன் புவெனஸ் ஐரிஸில் தன் பங்குக் கோவிலுக்குள் நுழைந்து, அதுவரை பார்த்திராத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். வெளியே வரும்போது தான் குருவாக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிற்பாடு அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கும் வரிதண்டுபவரான மத்தேயுவை இயேசு அழைத்ததைப் பற்றியதுதான். பழங்கால ஆங்கிலத் துறவி புனித பீடின் ஒரு மறையுரையில் வருகிறது: இரங்கினார், தேர்ந்துகொண்டார்.

அந்தப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குரு அப்போதே இரத்தப் புற்றுநோயாளி. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். தன்னிடம் வந்த பையன் என்ன ஆனான் என்று பார்க்க அவர் இருக்கவில்லை. இன்றைய திருப்பலியைத் திருத்தந்தைக்காகவும் அந்தக் குருவுக்காகவும் ஒப்புக்கொடுத்தோம்.