காய் பழுக்கும்வரை

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். மகரந்தச் சேர்க்கை செய்கிற கூன்வண்டைப் பற்றி ஆராய கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வந்தபோது, அவருக்குத் துணையாக வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோரை அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். மனைவி போனபிறகு மகளைத் தனியாக வளர்க்கிறவர், அதிகம் பேசமாட்டார், எந்த மரம் எப்போது பூக்கும் என்று அவருக்குத் தெரியும்.

செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. ஆண் பூ விரிந்தால் சோம்பு வாசனை அடிக்கும், வண்டு அங்கேதான் மொய்த்து முட்டையிட்டுப் பெருகும், அதே வாசனை பெண் பூவிலும் வருவதால் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு அங்கேயும் போய்விடும். இந்த வண்டை 1981-இல்தான் கேமரூனிலிருந்து கொண்டுவந்து நம் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்னால் மகரந்தத்தை டால்க் பொடியில் கலந்து மரம் மரமாகப் போய் ஊதியது வேலையாட்கள்தான், அதில் நம் பெண்கள் நிறையப் பேர்.

மண்டோரின் அம்மாவும் அந்த வேலை செய்தவர். இது தெரிந்ததும் டாக்டருக்கு (அந்த விஞ்ஞானியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே சந்தோஷம், சாயங்காலமானால் நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். முள் எங்கே குத்தும், பெண் பூ விரிந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்கக் கேட்க, அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அவர் செய்த வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதும், மண்டோர் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார். எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது.

தோட்டத்தில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? படித்த பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்றார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு இவனுக்கு இது தேவையா என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கிற மனுஷன் யாரையாவது பார்த்துச் சிரித்தாலே கணக்குக் கேட்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவரோ யாரைவிடவும் பயந்து போயிருந்தார். ஒருநாள் ஆபீசுக்கு வந்து சொன்னார்: "அக்கா, அவங்க வேலை முடிஞ்சா போயிடுவாங்க. அப்புறம் என் பிள்ளைதான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கும்."

மகரந்தம் சேர்ந்த பூ பழுத்த குலையாக ஐந்தாறு மாதம் ஆகும். டாக்டர் அட்டை கட்டிவிட்டுப் போன குலைகளை வெட்டி எடைபோட உதவியாளரை அனுப்பியிருக்கலாம், அவரே வந்தார். நடுவில், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சனிக்கிழமை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்து வெயிலில் நின்றார். அதைப் பார்த்தபிறகுதான் மண்டோர் வாய் திறந்தார். முதலில் மகளிடம் கேட்டார், அப்புறம்தான் டாக்டரிடம்.

பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. பிள்ளையை டாக்டர் வீட்டுப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்ற விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பாட்டி மட்டும் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார், அவர் இல்லாமல் மண்டோரும் கிளம்புவதாக இல்லை. இந்த வாரம் டாக்டரே வந்து பேசப்போகிறார்.