வால்வ் கவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்த கதை

முதல் முறை அடித்த பெயின்ட் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஆயில் அளவு பார்க்கலாம் என்று கார் பானெட்டைத் தூக்கினால், இன்ஜினின் தலைக்கு மூடியாக இருக்கும் வால்வ் கவரின் ஓரமெல்லாம் பழைய சுவர் சுண்ணாம்பு மாதிரி பொருக்குவிட்டுக் கிடக்கிறது. நகத்தால் நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்துவிட்டது. உரிந்த தோலின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு.

தப்பு என்னுடையதுதான். பெட்ரோல் நனைத்த துணியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கவரைக் கழற்றாமலேயே சுற்றிலும் செய்தித்தாளை ஒட்டி ஸ்ப்ரே அடித்திருந்தேன். வார்ப்பு அலுமினியம் பார்க்கத்தான் கெட்டி, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வருடக்கணக்காக அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். மேலே துடைத்துவிட்டு அடித்தோம் என்றால், இன்ஜின் சூடாகும்போது அந்த எண்ணெய் வெளியே கசிந்து பெயின்டைத் தூக்கிவிடும்.

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்களின் ஒயர் இணைப்பு ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன், போனில் படமும் எடுத்துக்கொண்டேன் (இரண்டு நாள் கழித்து எந்த ஒயர் எங்கே என்று நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள்). கவரைத் தூக்கியதும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு திறந்து கிடக்கும், அதில் ஒரு மணல் துகள்கூட விழக்கூடாது, அதனால் உடனே சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டேன்.

அப்புறம் கழுவுகிற வேலை. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர், பழைய பல்துலக்கும் பிரஷ், சுடுதண்ணீரும் சோப்பும். மூன்று சுற்று கழுவி நன்றாகக் காயவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் மெதுவாகச் சூடு காட்டினேன். சில நிமிடங்களில், பளிச்சென்று சுத்தமாகத் தெரிந்த அந்த உலோகத்தில் குட்டிக் குட்டியாக வியர்வை மாதிரி எண்ணெய் முத்துகள் பூத்தன. துடைத்தேன், மறுபடி சூடு காட்டினேன், மறுபடி வந்தது. வருவது நிற்கும்வரை இதையேதான் செய்துகொண்டிருந்தேன். மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான் என்பேன், பெயின்ட் அடிப்பதெல்லாம் அரை மணி நேர சமாச்சாரம். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தில் கடுஞ்சூடோ நெருப்போ காட்டவே காட்டாதீர்கள், அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

மணல் அடித்துச் சுத்தம் செய்தால் சீக்கிரம் முடியும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் பல வால்வ் கவர்களின் உள்பக்கத்தில் ஒரு தடுப்புத் தகடு இருக்கும், அதற்குப் பின்னால் போய் ஒளிந்த மணலை எடுப்பது பெரும்பாடு, மிச்சம் இருந்தால் எண்ணெயோடு சேர்ந்து நேராக பேரிங்குக்குப் போகும். நான் கையாலேயே, முதலில் 180 எண், பிறகு அதைவிட நைசான 320 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பிலும் போல்ட் துளைகளிலும் டேப் ஒட்டி, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கும் செல்ஃப் எட்ச் பிரைமரை மெல்லிசாக ஒரு கோட் கொடுத்தேன்.

நிறம்? சிவப்பு, அதுவும் சுருக்கம் விழும் ரிங்கிள் பெயின்ட். ஃபெராரி 1950களில் கொண்டுவந்த டெஸ்டா ரோசா ரேஸ் காருக்கு அந்தப் பெயரே சிவப்பு பூசிய கேம் கவர்களால் (வால்வ் கவரின் இன்னொரு பெயர்) வந்ததுதான், இத்தாலிய மொழியில் 'சிவப்புத் தலை' என்று அர்த்தம். என் காருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை என்றாலும் ஆசைக்கு என்ன.

மற்ற பெயின்டை மெல்லிசாக அடி அடி என்பார்கள், இதைத் தடிமனாக அடிக்க வேண்டும். மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் ஈரம் இருக்கும்போதுதான் சுருக்கம் விழுகிறது. முதல் கோட் இடவலமாக, ஐந்து நிமிடம் விட்டு மேலும் கீழுமாக, மூன்றாவது குறுக்காக. அடித்து முடித்தபோது வெறும் பளபள சிவப்பாகவே இருந்தது, ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டியதும் ஒரு மூலையில் வலை மாதிரி கோடுகள் கிளம்பி, கண் முன்னாலேயே கவர் முழுக்கப் பரவியது. நன்றாக இறுகிய பிறகு, புடைத்து நிற்கும் எழுத்துகளின் தலையை மட்டும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறம் வரவைத்தேன்.

கேன் வாங்கும்போது என்ன சூட்டைத் தாங்கும் என்று பாருங்கள். வால்வ் கவருக்கு இன்ஜின் எனாமல் போதும். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேறு உலகம், அதற்கு 600 டிகிரிக்கு மேல் தாங்கும் தனி பெயின்ட் வேண்டும், அதையும் படிப்படியாகச் சூடேற்றித்தான் பதப்படுத்த முடியும்.

உற்சாகத்தில் பக்கத்தில் இருந்த பிராக்கெட்டுக்கும் கறுப்பு அடித்தேன். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மறுநாள் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. பேட்டரியைச் சந்தேகப்பட்டு அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் எர்த் ஒயர் உட்காரும் இடத்திலேயே பெயின்ட் பூசி வைத்திருக்கிறேன். சுரண்டி உலோகத்தைக் காட்டியதும் ஒரே திருப்பில் கிளம்பியது. சேஸிஸ் எண் பொறித்த இடம், சென்சார்கள், ரப்பர் ஹோஸ், இவற்றையும் தொட வேண்டாம். ஹைபிரிட் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகாதீர்கள், அவை உயர் மின்னழுத்தம். பிரேக் ஆயில் புட்டியைச் சுற்றி அடித்தால், ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அது பெயின்டைத் தின்றுவிடும்.

கவரை மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கியிருந்தேன், அது மிகக் குறைந்த அளவுதான், கைவேகத்தில் இறுக்கினால் போல்ட் முறியும். ஒரு வருடம் ஆகப்போகிறது, இதுவரை எங்கும் உரியவில்லை. ஆயில் மூடிக்குக் கீழே நகக்கண் அளவுக்குச் சுருக்கம் விழாமல் வழவழவென்று ஒரு இடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, பானெட்டைத் தூக்கினால் என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகிறது.