காம்படியில் ஒரு மஞ்சள் வளையம்

போன முறை என் தக்காளிச் செடிகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். கரும்பச்சை இலை, ஆள் நுழைய முடியாத அடர்த்தி. எனக்கும் பெருமைதான். காய் பிடித்த பிறகும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை யூரியா போட்டேன். பொட்டாஷ் என்கிற சாம்பல்சத்து உரம் பேருக்குத்தான்.

டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போன லோடில் பாதியை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பழத்தை அங்கேயே நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் நல்ல சிவப்பு. காம்பைச் சுற்றி மட்டும் மஞ்சள் வளையம், அதற்குக் கீழே சதை வெள்ளையாக, கட்டையாக இருந்தது. நீராவி காட்டி உரிக்கும்போது அந்த இடத்தில் தோல் விடாதாம். வீட்டுச் சமையல் என்றால் அந்தத் துண்டை நறுக்கி எறிந்துவிடலாம். முழுப்பழமாக டப்பாவுக்குள் போவதை என்ன செய்வது?

பொட்டாஷ் குறைந்தால் இந்த வளையம் வரும். ரகமும் வெயிலும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். யூரியா தரும் தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், பழம் பழுக்கத் தாமதமாகும். நிறம், இனிப்பு, புளிப்பு மூன்றுக்கும் பொட்டாஷ் வேண்டும். புளிப்பு வெறும் ருசிக்காக இல்லை. புளிப்பு குறையக் குறைய பி.எச். எண் ஏறும். அது 4.6-ஐத் தாண்டினால் டப்பாவுக்குள் போட்டுலிசம் என்கிற கொடிய உணவு நஞ்சைத் தரும் கிருமி வளர வழி பிறந்துவிடும். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கிற பழம்.

இன்னொன்றை முதலில் கேட்டபோது நான் நம்பவே இல்லை. செடி தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் வடிவமான நைட்ரேட் பழத்தில் அதிகமாகத் தங்கினால், உள்பூச்சு இல்லாத டப்பாவின் வெள்ளீயத்தை அது அரித்துவிடும். வயலில் போட்ட உரம் தகரம் வரைக்கும் போய் வேலையைக் காட்டுகிறது!

சரி, இந்த முறை மண்ணைப் பரிசோதித்தேன். யூரியாவைக் காய் பிடிக்கும் முன்பே நிறுத்திவிட்டு, பொட்டாஷைச் சொட்டுநீரில் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். அதிலும் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. நாலைந்து செடிகளில் பழத்தின் நுனி கருகிக் குழி விழுந்தது. பொட்டாஷ் மிஞ்சினால் செடி கால்சியம் எடுப்பதைக் கெடுக்கும். தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று போனாலும் இதே கதைதான். அளவைக் குறைத்து, தண்ணீரையும் சீராக்கினேன்.

செடி இப்போது பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. முதல் பறிப்பில் பிரிக்ஸ், அதாவது பழச்சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவு, 5.1 வந்தது, போன முறை 4.3. பத்துப் பழம் வெட்டினேன். ஒன்றில் மட்டும் காம்படியில் லேசாக மஞ்சள்.