ஆத்தாவின் நீர் மாத்திரை

மார்ச் 28, பள்ளத்தூர்

ஆத்தாவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 30 சதவீதம் என்று வந்திருக்கிறது. நல்ல இதயத்தில் அது பெரும்பாலும் 55-க்குக் குறையாது.

மாத்திரைகளைப் பட்டாலையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றும் எதற்கு என்று எழுதினேன். நீர் பிரிய ஃபுரோசமைடு. நாடித் துடிப்பை நிதானப்படுத்த பைசோபிரோலால். இதயத்தின் பளுவைக் குறைக்க ஸ்பைரோனோலாக்டோன். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மாத்திரைதான், ஆனால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்துக்காகக் கொடுக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தது சாகுபிட்ரில்-வால்சார்டன், காலையும் இரவும். முன்பு போட்டுக்கொண்டிருந்த ராமிப்ரிலை இதோடு சேர்த்துப் போடவே கூடாது. முகமும் நாக்கும் வீங்கி மூச்சடைக்கலாம். ராமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரியிலேயே இதை ஆரம்பித்தார்கள்.

ஆத்தாவின் பிஸ்கட் டப்பாவில் ராமிப்ரில் அட்டைகள் இன்னும் கிடந்தன. "காசு குடுத்து வாங்குனது, கெடக்கட்டுமே" என்றார். எல்லாவற்றையும் எடுத்து அப்புறப்படுத்தினேன்.

ஏப்ரல் 6

தினமும் காலையில் கொல்லைக்குப் போய் வந்ததும், காப்பிக்கு முன்னால், எடை பார்க்கிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அது சதை இல்லை, தேங்கிய நீர்.

உப்பு விஷயம்தான் பெரும்பாடு. நாள் முழுவதும் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், மோர்மிளகாய், வத்தல், அப்பளம், உப்புக்கண்டம் எல்லாம் ஒதுங்கிவிட்டன. உப்பில்லாத குழம்பில் மிளகும் பூண்டும் புளியும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் ஆத்தா இறங்கி வருகிறார்.

பக்கத்து வீட்டு ஆச்சி அக்கறையாக 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் ஒன்று வாங்கி வந்தார், கூடவே நாலு இளநீர். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோனும் புதிய மாத்திரையும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றுபவை. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆச்சியை உட்கார வைத்து இதைச் சொன்னேன். "அப்ப இளநிய நீயே குடி" என்று விட்டுப் போனார்.

ஏப்ரல் 11

எடை 56.4. எட்டாம் தேதி 54.3 இருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. நேற்று ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கி, இரண்டு தலையணை போதாமல் மூன்றாவது கேட்டிருக்கிறார்.

மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரியாக இருக்க, நீர் மாத்திரை மட்டும் கூடுதலாக மிச்சம் இருந்தது. கோபப்படாமல் கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"வைரவன்கோயிலுக்குப் போற அன்னிக்கு அத எப்புடி தம்பி போடுறது? போட்டா அரைமணிக்கு ஒருக்க எந்திரிக்கணும். போற எடத்துல யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

வீட்டில் இருக்கும் நாளிலும் இதே கஷ்டம்தானாம். நடு முற்றத்தை ஒட்டிய வளவில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கட்டுக்குப் போக வேண்டும். நடுவில் உயரமான நிலைப்படிகள். போய்ச் சேருவதற்குள் சேலை நனைந்துவிடுமோ என்று பயந்து, தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார். இத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார். இதை எந்த டாக்டரிடமும் அவர் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12

டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாளைக்கு மட்டும் நீர் மாத்திரையைக் கூட்டினார். வெளியே போகும் நாளில் காலையில் போட வேண்டாம், திரும்பி வந்ததும் போடலாம், மாலை 4 மணி தாண்டக் கூடாது, தாண்டினால் ராத்திரித் தூக்கம் கெடும் என்றார். மற்ற மாத்திரைகள் அதனதன் நேரத்துக்கு. இவ்வளவு எளிதாக முடிகிற விஷயத்துக்காகவா அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார் என்று மனசு ஆறவில்லை.

இரண்டாம் கட்டின் ஓரத்து அறையில் கமோடு நாற்காலி போட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தோம். தாழ்ப்பாள் இல்லாமல் ஆத்தா அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்.

ஏப்ரல் 19

எடை 54.1. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. உட்கார்ந்து பார்த்தால் ரத்த அழுத்தம் 108/66, நின்றதும் 92/58. டாக்டர் நீர் மாத்திரையைப் பாதியாக்கினார். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கிறார். வெயில் இப்படிக் கொளுத்தும்போது நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிற கணக்கு கொடுமைதான். வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சில்லென்ற நெல்லிக்காய்த் துண்டு ஒன்றை அடக்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 24

மூட்டுவலிக்கு ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேளை, போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். இந்த வகை வலி மாத்திரைகள் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், அவ்வளவுதான் இப்போதைக்கு.

மே 3

கண்டனூரில் பங்காளி வீட்டுச் சாந்தி, அறுபது, எண்பது வயது நிறைவுக்குச் செய்கிற விழா. ஆத்தா முழு நேரமும் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தார். மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்பியதும் கேட்காமலே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மே 6

மதுரை. பொட்டாசியம் 5.4, கொஞ்சம் கூடுதல். ஸ்பைரோனோலாக்டோனைப் பாதியாக்கி, ஒரு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அவர் கேட்டபோது நான் வாய் திறக்கும் முன்னே ஆத்தா சொன்னார்: "சாந்திக்குப் போன அன்னிக்குக் காலைல போடல. வந்துதான் போட்டேன். எழுதிக்கிருங்க."